ஒரே விபிஎஸ்ஸில் ஏழு தளம், நாலு பேர், ஒரே ரூட் பாஸ்வேர்ட்: எங்கிருந்து சரிசெய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றவர்களுக்கும் புரியும். வடபழனியில் நாலு பேர் இருக்கிற சின்ன ஆபீஸ். ஒரே ஒரு உபுண்டு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), 2 ஜிபி ராம், அதில் ஏழு வாடிக்கையாளர்களின் தளங்கள்: ஆறு வேர்ட்பிரஸ், ஒன்று நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய தாம்பரம் பள்ளி ஒன்றின் ஃபீஸ் போர்ட்டல். எல்லோரும் ரூட்டாகத்தான் (எல்லா உரிமையும் உள்ள யூசர்) லாகின் ஆகிறீர்கள், பாஸ்வேர்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறது. எங்கே 'பர்மிஷன் டினைட்' வந்தாலும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். ஒரு புடவைக் கடை தளத்தில் மால்வேர் புகுந்து மற்ற தளங்களுக்கும் பரவிவிட்டது. நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சர்வர் ரீபூட் ஆனால் நோட் ஆப் எழுந்திருப்பதே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு கன்ட்ரோல் பேனல் (பிரவுசரிலிருந்தே சர்வரை நடத்தும் மென்பொருள்) போட்டுவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

பேனல் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கட்டளைகளை வாயில் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் எப்படித் தட்டுவது என்று உங்களுக்குத் தெரியும்.

லினக்ஸ் கர்னலுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் வாடிக்கையாளரையும் தெரியாது. ஓடுகிற ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு யூசர் எண் உண்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர் எண் ஒன்று உண்டு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து விடலாமா வேண்டாமா என்று அது முடிவு செய்யும். ரூட்டுக்கு எண் 0. டெபியன், உபுண்டுவில் வெப் சர்வருக்கென்றே இருக்கிற டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசருக்கு 33 (இனி இதை 'வெப் யூசர்' என்றே சொல்கிறேன், கை வலிக்கிறது). நீங்கள் புதிதாக உருவாக்கும் ஆட்களுக்கு 1000-லிருந்து ஆரம்பிக்கும். உங்கள் பட்டியலில் இருப்பவை ஐந்து பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்த வேலையை இந்த நிமிஷம் எந்த யூசர் செய்கிறார்? அதைக் கேட்காமல் சிஎச்மாட் பக்கம் போகாதீர்கள் (பர்மிஷனை மாற்றும் கட்டளை, அதன் மூன்று எண்கள் சொந்தக்காரர், குரூப், மற்றவர்கள் என்ற வரிசையில்).

மால்வேர் எப்படிப் பரவியது என்பதை எடுத்துக்கொள்வோம். 777 தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். அது நிலைமையை மோசமாக்கியது, சரி, ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காக 755, 644 என்று வைத்திருந்தாலும் அது பரவியிருக்கும். ஏனென்றால் உபுண்டுவில் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி கோடை ஓட்டும் சர்வீஸ்) நிறுவியதும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்ற பெயரில் ஒரே ஒரு பூல் (பிஎச்பி ப்ராசஸ்களின் கூட்டம்) வரும், உங்கள் ஆறு வேர்ட்பிரஸ்ஸும் அந்த ஒரே பூலில், ஒரே வெப் யூசராக ஓடுகின்றன. ஃபைல்கள் எல்லாம் அதே யூசருக்குச் சொந்தம். புடவைக் கடையின் பழைய பிளகினில் புகுந்தவனுக்கு மற்ற ஐந்து கடைகளும் சொந்த வீடு, கர்னல் பார்வையில் அவன் எந்த எல்லையையும் தாண்டவே இல்லை. நோட் ஆப்பின் ஃபோல்டர் வேறு யூசருக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அதுவாவது தப்பித்திருக்கும், அங்கேதான் உங்கள் 777 போய்க் கதவைத் திறந்துவிட்டது.

அதனால் முதல் வேலை, தளத்துக்கு ஒரு யூசர். புடவைக் கடைக்கு ஒன்று, மெஸ்ஸுக்கு ஒன்று, இப்படி ஏழு. இவர்கள் லாகின் ஆகத் தேவையே இல்லை, ஷெல் 'நோலாகின்' என்று வைத்துவிடலாம். அப்புறம் பிஎச்பி-எஃப்பிஎம்மின் பூல்.டி ஃபோல்டரில் தளத்துக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல்: 'யூசர்', 'குரூப்' வரிகளில் அந்தத் தளத்தின் யூசர், 'லிசன்' வரியில் தனி சாக்கெட், 'லிசன்.ஓனர்' மட்டும் வெப் யூசர். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் வெப் யூசராகவே ஓடி அந்த சாக்கெட்டில் தட்டும், உள்ளே பிஎச்பி ஓடுவது தளத்தின் யூசராக. பழைய பொதுப் பூலை வைத்திருக்காதீர்கள், பெயரை மாற்றிவிடுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். ஒரு தளம் அதிலேயே தங்கிவிட்டால்கூட என்ன ஆகும் என்று அடுத்த பத்தியில் புரியும்.

ஃபோல்டர் பர்மிஷன் விஷயத்தில் நான் வைக்கும் முறை இது: சொந்தக்காரர் தளத்தின் யூசர், குரூப் வெப் யூசரின் குரூப், ஃபோல்டர்கள் 2750, ஃபைல்கள் 640. அந்த முதல் 2 தான் செட்ஜிஐடி, உள்ளே புதிதாக உருவாகும் எதுவும் அதே குரூப்பை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் புதிதாக அப்லோட் செய்த படம் மட்டும் 403 (அனுமதி இல்லை) காட்டும், நீங்கள் மறுபடி 777-க்குப் போவீர்கள். கடைசி எண் 0 என்பதால் மற்ற தளங்களின் யூசர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இங்கே பலர் தவறவிடுகிற ஒரு ஓட்டை இருக்கிறது. என்ஜின்எக்ஸுக்குப் படம், சிஎஸ்எஸ் எல்லாம் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த குரூப் அனுமதி, ஆனால் ஏழு தளத்தின் ஃபைல்களையும் படிக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது அந்த வெப் யூசர். மெஸ் தளத்தில் புகுந்தவன் தன் ஃபோல்டரில் 'ஏதோ.டிஎக்ஸ்டி' என்று ஒரு சிம்லிங்க் (வேறு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) போட்டு, அதைப் புடவைக் கடையின் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், அவனால் நேரடியாகப் படிக்க முடியாததை என்ஜின்எக்ஸ் படித்து பிரவுசரில் காட்டிவிடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு. இதற்கு ரெண்டு மருந்து, ரெண்டையும் போடுங்கள். டபிள்யூபி-கான்ஃபிக்கை 600 ஆக்குங்கள். அதைப் படிக்க வேண்டியது தளத்தின் யூசராக ஓடும் பிஎச்பி மட்டும்தான், என்ஜின்எக்ஸுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் 'டிசேபிள்_சிம்லிங்க்ஸ் இஃப்_நாட்_ஓனர்' என்று ஒரு வரி, லிங்க்கும் அது காட்டும் ஃபைலும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இல்லாவிட்டால் மறுத்துவிடும்.

இருக்கிற குழப்பத்தைச் சரிசெய்ய சிஎச்மாட்டில் பெரிய ஆர் (உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும்) போட்டு மொத்தமாக 750 கொடுத்துவிடாதீர்கள், எல்லாப் படமும் எக்ஸிக்யூட்டபிள் ஆகிவிடும். எக்ஸ் என்பது ஃபைலை ஓட்டும், ஃபோல்டருக்குள் நுழையும் உரிமை. சிஎச்மாட்டில் பெரிய எக்ஸ் என்று ஒன்று உண்டு, ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அதைக் கொடுக்கும். ஆனால் உங்களுடையதில் எல்லாமே 777 என்பதால் அதுவும் ஏமாற்றும். ஃபைண்ட் கட்டளையில் 'டைப் டி' ஒரு தரம், 'டைப் எஃப்' ஒரு தரம் என்று தனித்தனியாக ஓட்டுவதுதான் உங்களுக்கு வழி.

இன்னொரு விவாதம் எப்போதும் வரும்: பிஎச்பி ஓடும் யூசருக்கே கோட் ஃபைல்களை எழுதும் உரிமை இருக்கலாமா? கறாராகப் பார்த்தால் கூடாது. கோட் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், பிஎச்பி வேறொருவராக ஓடி அப்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும் எழுத வேண்டும், அதுதான் நல்லது. ஆனால் அப்படி வைத்தால் வேர்ட்பிரஸ் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ள முடியாது, யாராவது டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸ்ஸை டெர்மினலிலிருந்து நடத்தும் கருவி) வைத்து வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். உங்கள் ஆபீஸில் அதை யார் செய்வார் என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லையென்றால் எழுதும் உரிமையைக் கொடுத்துவிட்டு ஆட்டோ அப்டேட்டை ஓட விடுங்கள், அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடாதபடி என்ஜின்எக்ஸில் தடுத்துவிடுங்கள். பூட்டிய கோட்டையில் பழைய பிளகின் இருப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து, இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

'பர்மிஷன் டினைட்' வந்தால் என்ன செய்வது? நேம்ஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது, 'எல்' போட்டு முழுப் பாதையையும் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டரின் சொந்தக்காரரையும் பர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். பத்துக்கு எட்டு தரம் பிரச்சினை அந்த ஃபைலில் இருக்காது, மேலே ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இருக்காது. தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவனுக்கு வீட்டுக் கதவு திறந்திருந்து என்ன பயன். குறிப்பாக உபுண்டு 21.04-லிருந்து ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகத்தான் உருவாகின்றன, முன்னால் 755. தளத்தை ஹோமுக்குள் வைத்திருந்த பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியதும் எல்லாம் 403 என்று வந்து குழம்பியவர்கள் நிறைய பேர், உள்ளே எத்தனை தரம் 777 போட்டாலும் மாறாது. செட்எஃப்ஏசிஎல் வைத்து வெப் யூசருக்கு அந்த ஒரு ஹோம் ஃபோல்டரில் எக்ஸ் மட்டும் கொடுத்தால் போதும். அதைவிட, தளங்களை /வார் ஃபோல்டருக்குக் கீழே வைப்பது நிம்மதி. ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ஃபைலை அழிக்க முடியுமா என்பதை அந்த ஃபைலின் பர்மிஷன் தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. 'ரீட் ஒன்லி ஆக்கி வைத்தேன், எப்படி அழிந்தது' என்ற புலம்பலுக்கு விடை இது. அல்மாலினக்ஸ் வகையறா சர்வர் என்றால் எஸ்இலினக்ஸ் என்று மேலே இன்னொரு காவல்காரர் இருப்பார், பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் அவரைத்தான் பார்க்க வேண்டும், அவரை ஆஃப் செய்வது தீர்வல்ல. உங்களுக்கு உபுண்டு என்பதால் விடுகிறேன்.

இப்போது மனிதர்கள். நாலு பேருக்கும் தனித்தனி யூசர், தனித்தனி எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் ஆக உதவும் சாவி ஃபைல்). இதில் எனக்குச் சமரசமே இல்லை, ஏனென்றால் நாலு பேரும் ரூட் என்றால் ஆத் லாகில் (லாகின் பதிவுகள் இருக்கும் ஃபைல்) யார் என்ன செய்தார் என்பதற்கு அர்த்தமே இல்லை. டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆதரைஸ்டு கீஸ் ஃபைல் 600. இதைவிடத் தளர்வாக, மற்றவர்கள் எழுதக்கூடியதாக இருந்தால் எஸ்எஸ்எச் சத்தமில்லாமல் கீயை ஏற்க மறுக்கும், அங்கேயும் 777 பழக்கம் வேலையைக் கெடுக்கும். குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ-யும் பெரிய ஜி-யும் சேர்ந்தே வர வேண்டும். சின்ன ஏ விட்டுப்போனால் அவர் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்களிலிருந்து நீக்கப்பட்டுவிடுவார், அதில் சூடோ குரூப்பும் (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்ட விடுவது) இருந்தால் போச்சு.

எல்லோர் கீயும் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துங்கள், ரூட் லாகினையும். இங்கே கிளவுட் இமேஜ்களில் ஒரு கண்ணி உண்டு. எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், ஆனால் அதன் பக்கத்து கான்ஃபிக்.டி ஃபோல்டரில் கிளவுட்-இனிட் (சர்வரை முதல்முறை அமைக்கும் கருவி) வைத்த ஒரு ஃபைலில் 'யெஸ்' என்று இருக்கலாம், எஸ்எஸ்எச்டி முதலில் படித்த மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், அந்த ஃபோல்டர் முதலில் படிக்கப்படுகிறது. 'எஸ்எஸ்எச்டி, பெரிய டி' என்று ஓட்டினால் உண்மையில் அமலில் இருப்பது என்ன என்று காட்டும், சின்ன டி போட்டால் கான்ஃபிக்கில் பிழை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ரெண்டையும் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், செய்யும்போது இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகியே இருங்கள். போர்ட்டை மாற்றினீர்கள் என்றால் உபுண்டு 24.04-ல் எஸ்எஸ்எச் ஒரு சாக்கெட் யூனிட் வழியாகத்தான் கேட்கிறது, டீமன்-ரீலோட் செய்து எஸ்எஸ்எச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது போர்ட் வரும்.

ஃபயர்வாலில் 'ஆபீஸ் ஐபியிலிருந்து மட்டும் எஸ்எஸ்எச்' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டாட்டிக் ஐபி வாங்கியிருந்தால் வைக்கலாம். சாதாரண பிராட்பேண்டில் ஐபி எப்போது வேண்டுமானாலும் மாறும், பல இணைப்புகளில் ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நவம்பர், டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்று லைன் போய், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து சர்வரைத் திறக்கப் பார்க்கும் நேரத்தில்தான் அந்த விதி உங்களையே வெளியே நிறுத்தும். கீ மட்டும், பாஸ்வேர்ட் இல்லை என்பதே போதுமான பாதுகாப்பு. ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் வெப் கன்சோல் வேலை செய்கிறதா, அதற்குள் நுழைய ஒரு லோக்கல் பாஸ்வேர்ட் இருக்கிறதா என்று வெயில் அடிக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுப் போனவர் விஷயம். ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பாதி வேலைகூட இல்லை. யூசர்மாட்டில் பெரிய எல் போட்டுப் பூட்டினாலும் பூட்டுவது பாஸ்வேர்டை மட்டும்தான், கீ இருந்தால் உள்ளே வந்துகொண்டே இருக்கலாம். கணக்கைக் காலாவதி ஆக்க வேண்டும், 'எக்ஸ்பயர்டேட் 1' என்று கொடுத்தால் போதும். ரூட்டின் ஆதரைஸ்டு கீஸ், மற்ற எல்லா யூசர்களின் ஆதரைஸ்டு கீஸ், இவற்றை வரி வரியாகப் பாருங்கள், எந்தக் கீ யாருடையது என்று தெரியாவிட்டால் தூக்கிவிடுங்கள், சொந்தக்காரர் தானாகவே கத்துவார். க்ரான்டாப் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்), அவர் அமைத்த டிப்ளாய் கீ, ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் அவர் உருவாக்கிய ஏபிஐ டோக்கன், ஃபீஸ் போர்ட்டலின் டாட் என்வ் ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பேமெண்ட் கேட்வே கீ எல்லாமே இதில் அடக்கம். அவர் மேல் சந்தேகமே இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலில் அவர் பெயர்தான் அடிபடும், அவருக்காகவும்தான் சொல்கிறேன்.

சூடோ யாருக்கு? நாலு பேரில் ரெண்டு பேருக்கு முழு சூடோ போதும். மற்றவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதும் லாக் பார்ப்பதும். லாக் பார்க்க சூடோவே வேண்டாம், சிஸ்டம்டி-ஜர்னல் குரூப்பிலோ ஏடிஎம் குரூப்பிலோ சேர்த்துவிட்டால் ஜர்னல்சிடிஎல் திறக்கும். ரீஸ்டார்டுக்கு சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல், விசூடோ வைத்து மட்டுமே திறந்து, 'இந்த குரூப், இந்த ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யலாம்' என்று முழுப் பாதையோடு ஒரு வரி. ஃபைல் பெயரில் புள்ளி வைக்காதீர்கள், புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்காமலே போய்விடும், எரரும் காட்டாது. நட்சத்திரக் குறியும் வேண்டாம், அது இடைவெளியையும் சேர்த்து விழுங்கும், நீங்கள் நினைக்காத வாதங்கள் எல்லாம் உள்ளே போகும். 'விம் மட்டும் சூடோவில் ஓட்டலாம்' என்று கொடுப்பது முழு ரூட் கொடுப்பதற்குச் சமம், விம்முக்குள்ளிருந்தே ஷெல் திறக்கலாம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸைக்கூட சூடோவில் கொடுக்க வேண்டாம்: அது லெஸ் (பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) வழியாகக் காட்டும், சிஸ்டம்டி 247-க்கு முந்தைய பதிப்புகளில் லெஸ்ஸிலிருந்து ரூட் ஷெல்லுக்கே போய்விடலாம், 2023-ல் அதற்கென்று ஒரு பாதுகாப்பு எண்ணே பதிவானது. ஸ்டேட்டஸ் பார்க்க சூடோ தேவையும் இல்லை. அப்புறம் டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) குரூப். அதில் சேர்த்த யாரும் சர்வரின் முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அதையும் ரூட் என்றே எண்ணுங்கள்.

வாடிக்கையாளர் யாராவது 'எங்கள் டிசைனருக்கு எஃப்டிபி வேண்டும்' என்று கேட்டால், எஸ்எஃப்டிபியில் க்ரூட் (ஒரு ஃபோல்டரை விட்டு வெளியே போக விடாத அடைப்பு) போட்டுக் கொடுங்கள். க்ரூட் ஃபோல்டரும் அதற்கு மேலுள்ள எல்லாமும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் எழுதக் கூடாது. எழுதும் இடத்தை அதற்கு உள்ளே ஒரு ஃபோல்டராக வையுங்கள். லாகின் ஆன மறுகணமே துண்டித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நோட் ஆப் ஏன் எழுந்திருப்பதில்லை? யாரோ டெர்மினலில் ரூட்டாக ஆரம்பித்து ஸ்க்ரீனிலோ நோஹப்பிலோ விட்டிருக்கிறீர்கள், ரீபூட் ஆனதும் அது போய்விடும், திரும்ப யார் ஆரம்பிப்பது? சர்வீஸ்களை ஆரம்பித்துக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியிடம் கொடுங்கள். எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு யூனிட் ஃபைல்: 'யூசர்' வரியில் போர்ட்டலுக்கென்று உருவாக்கிய யூசர், 'வொர்க்கிங் டைரக்டரி', 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியில் நோடின் முழுப் பாதை, 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்', 'ரீஸ்டார்ட்செக்=5', கடைசியில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்'. என்விஎம் (நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) வைத்து ரூட்டின் ஹோமுக்குள் நோட் நிறுவியிருந்தால் போர்ட்டல் யூசரால் அதைத் தொடவே முடியாது, பொது இடத்தில் நிறுவுங்கள். ரகசியங்கள் இருக்கும் டாட் என்வ் ஃபைலை 'என்விரான்மென்ட்ஃபைல்' என்று சொல்லிக்கொடுத்தால் அதைப் படிப்பது சிஸ்டம்டிதான், யூசர் மாறுவதற்கு முன்பே படித்துவிடும், ஆகவே ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக 600-ல் இருக்கலாம்.

'ஸ்டார்ட்' செய்தால் இப்போது ஓடும், 'எனேபிள்' செய்தால் ரீபூட்டுக்குப் பிறகு ஓடும், ரெண்டும் வேறு. யூனிட் ஃபைலை மாற்றிய ஒவ்வொரு தரமும் டீமன்-ரீலோட். பேக்கேஜோடு வந்த யூனிட்டை நேராக மாற்றாதீர்கள், சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டால் மேலே ஒரு தனி ஃபைல் உருவாகும், அப்டேட் வந்தாலும் அழியாது. எழுந்திருக்காவிட்டால் ஸ்டேட்டஸில் வரும் எண்ணைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கும்: 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட் பாதை தவறு அல்லது ஓட்டும் உரிமை இல்லை, 217 என்றால் அந்த யூசரே இல்லை, 200 என்றால் வொர்க்கிங் டைரக்டரிக்குள் போக முடியவில்லை, 226 என்றால் பெரும்பாலும் நீங்கள் குறிப்பிட்ட ஏதோ ஒரு ஃபோல்டர் இல்லை. ரீஸ்டார்ட்செக் கொடுக்காமல் விட்டால் விழுந்தவுடன் பத்தில் ஒரு விநாடியில் மறுபடி ஆரம்பிக்கும், பத்து விநாடிக்குள் ஐந்து தரம் ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் சிஸ்டம்டி விட்டுவிடும். மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்கும் முன்பே ஆப் ஐந்து தரமும் விழுந்து முடித்திருக்கும். அப்போது கையால்தான் ஆரம்பிக்க வேண்டும், உடனே ஆரம்பிக்க மறுத்தால் ரீசெட்-ஃபெய்ல்டு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த யூனிட்டிலேயே நாலு வரி சேர்த்தால் பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கும், பலரும் இதைப் பயன்படுத்துவதே இல்லை: 'நோநியூபிரிவிலேஜஸ்', 'பிரைவேட்டெம்ப்', 'புரொடெக்ட்ஹோம்', 'புரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்'. கடைசியது ஏறக்குறைய மொத்த ஃபைல்சிஸ்டத்தையும் அந்த ஆப்புக்கு மட்டும் படிக்க மட்டுமே ஆக்கும், ரசீது பிடிஎஃப் எழுதும் ஃபோல்டரை 'ரீட்ரைட்பாத்ஸ்' என்று தனியாகத் திறந்துவிட வேண்டும். 'மெமரிமேக்ஸ்' என்றும் ஒன்று வையுங்கள். 2 ஜிபி ராமில் ஃபீஸ் கட்டும் கடைசி நாளில் போர்ட்டல் ஊதினால், கர்னலின் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸை நிறுத்துவது) பெரும்பாலும் கொல்வது அதிக மெமரி வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லைத்தான், ஏழு தளமும் ஒன்றாகப் படுக்கும். டிமெசேஜில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடிப் பாருங்கள், 'டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர் அடிக்கடி வருகிறது' என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு விடை அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். எஃப்பிஎம் பூல்களின் மேக்ஸ்_சில்ட்ரன் எண்ணிக்கையையும் ஆறு தளத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஆளுக்குப் பத்து என்றால் அறுபது பிஎச்பி ப்ராசஸ், இந்த ராமுக்குத் தாங்காது. சின்னத் தளங்களுக்கு 'ஆன்டிமாண்ட்' (தேவைப்படும்போது மட்டும் ப்ராசஸை எழுப்பும்) முறை போதும்.

போர்ட் 443-ல் நேராக உட்காருவதற்காக நோடை ரூட்டாக ஓட்டுகிறோம் என்றால், 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுக்குத்தான் அந்த உரிமை தேவை. நோட் 3000-ல் லோக்கலாகக் கேட்கட்டும், முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கட்டும்.

எஸ்எஸ் கட்டளையில் 'டியுஎல்பிஎன்' போட்டு எது எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 3306 (மைஎஸ்க்யூஎல்), 6379 (ரெடிஸ்) எல்லாம் 0.0.0.0 (வெளியிலிருந்தும் கேட்பது) என்று இருந்தால் உடனே 127.0.0.1 (சர்வருக்குள் மட்டும்) ஆக்குங்கள். டாக்கரில் ஏதாவது ஓட்டுகிறீர்கள் என்றால் யுஎஃப்டபிள்யூவை (உபுண்டுவின் ஃபயர்வால்) நம்ப வேண்டாம், டாக்கர் தானே ஐபிடேபிள்ஸில் விதி எழுதிக்கொண்டு அதைத் தாண்டிப் போகும், போர்ட் கொடுக்கும்போதே முன்னால் 127.0.0.1 சேர்த்துக் கொடுங்கள். தேவையில்லாத சர்வீஸ்களை டிசேபிள் செய்யும்போது அதற்குச் சாக்கெட் யூனிட் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆர்பிசிபைண்ட் மாதிரி ஆட்களை அவர்களின் சாக்கெட் திரும்ப எழுப்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கதைதான்: தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ் யூசர், அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை. ஃபைல் பர்மிஷன் எல்லாம் பிரித்துவிட்டு ஏழு தளமும் ஒரே டேட்டாபேஸ் யூசரில் ஓடினால் செய்ததெல்லாம் வீண்.

லாக் பற்றி ஒரு விஷயம், இது இந்தியாவில் இருப்பவர்களுக்கு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வருக்குள் அத்துமீறல் மாதிரியான சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் 14 நாளில் அழியும், ஆத் லாக் நாலு வாரத்தில். லாக்ரொடேட்டில் மாற்றுங்கள், ஒரு பிரதியை வேறு இடத்துக்கு அனுப்புங்கள், ரூட் பிடித்தவன் முதலில் அழிப்பது லாகைத்தான். சர்வர் யுடிசியில் இருந்தால் லாக் நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், ராத்திரி 2 மணிக்கு என்று நீங்கள் வைத்த பேக்கப் க்ரான் காலை 7.30-க்கு ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிசை என்று கேட்டால்: இப்போதைய சர்வரைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். நாலு பேரும் ரூட், எல்லாம் 777, உள்ளே ஒருவன் வந்து போயிருக்கிறான், எதை நம்புவது? புது விபிஎஸ் ஒன்று எடுத்து மேலே சொன்ன மாதிரி அமைத்து, ஒவ்வொரு தளமாக நகர்த்துங்கள், வேர்ட்பிரஸ் கோரையும் பிளகின்களையும் புதிதாக இறக்கி, டேட்டாபேஸையும் அப்லோட்ஸையும் மட்டும் சோதித்து எடுத்துவாருங்கள், டேட்டாபேஸில் தெரியாத அட்மின் யாராவது முளைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஃபீஸ் போர்ட்டல் முதலில், அதில் பணமும் குழந்தைகளின் விவரமும் இருக்கிறது.

பேனல்? தளத்துக்கு ஒரு யூசர், தனிப் பூல் என்பதை நல்ல பேனல்கள் தானாகவே செய்துவிடும், அந்த வகையில் லாபம்தான். சிபேனல் 2019-லிருந்து கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைக்கிறது. ஹெஸ்டியா, விர்ச்சுவல்மின் மாதிரி இலவசமானவை உண்டு. ஆனால் பேனல் என்பது ரூட் உரிமையோடு இணையத்தைப் பார்த்து நிற்கிற இன்னொரு சர்வீஸ். 2024 அக்டோபரில் சைபர்பேனலில் லாகின் இல்லாமலே ரூட்டாகக் கட்டளை ஓட்டும் ஓட்டை வெளியாகி, ஆயிரக்கணக்கான சர்வர்கள் ரான்சம்வேரில் மாட்டின. வாரா வாரம் உட்கார்ந்து டெர்மினல் பார்க்க ஆள் இல்லையென்றால் போடுங்கள், போட்டால் அதன் போர்ட்டை வெளியே திறக்காமல் எஸ்எஸ்எச் டனல் வழியாக மட்டும் திறந்து பயன்படுத்துங்கள்.